கரண்ட் வந்துடுச்சு

எங்கள் லேத் பட்டறையில் அவனுக்கு அகராதி என்று பெயர். புதுப்புது வார்த்தை உண்டாக்குகிறவன் என்பதால் நாங்கள் வைத்தது. வீட்டில் அவன் சம்சாரமும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் சொல்வது திமிர் பிடித்தவன் என்கிற அர்த்தத்தில். இரண்டும் அவனுக்குப் பொருந்தும்.

பக்கத்து மிஷினில் நின்று இத்தனை வருஷமாக அவன் பேச்சைக் கேட்டிருக்கிறேன். விலையை மட்டும் விசாரித்துவிட்டு நழுவுகிற ஆளுக்குத் ‘தெர்மாமீட்டர்’. சூடு பார்த்துவிட்டுப் போய்விடுவானாம். வேலை செய்கிற மாதிரி பாவலா காட்டுவதற்கு ‘எண்ணெய் விடறது’. எண்ணெய்க் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி வந்தால் ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அதனால். முதலாளி வருவது தெரிந்தால் வாசல் பக்கம் இருக்கிற வெல்டர், அவன் சொல்லிக்கொடுத்தபடி, “கரண்ட் வந்துடுச்சு” என்று குரல் கொடுப்பார். உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிடுவான்.

டீ குடிக்கும்போது வெல்டர் ஒருநாள் அவனைச் சீண்டினார்.

“ஏன்டா, முதலாளி வர்றாருன்னு நேரா சொன்னா வாய் வெந்துடுமா?”

“அது ஊர்ப் பேச்சுண்ணே. எல்லாருக்கும் புரியும். முதலாளிக்கும் புரியும்.”

“மிஷின்ல சக்கு, பிசிறுன்னு பேசறோமே, அதுவும்தான் வெளியாளுக்குப் புரியாது.”

“அது தொழில் பேச்சு. வேற பட்டறைக்குப் போனாலும் அதேதான். அதுல விளையாட முடியுமா? சக்கு இறுக்குன்னா இறுக்கணும்.”

“அப்போ முதலாளி நாம எல்லாம் ஒரே குடும்பம்ங்கறாரே, அது?”

“அது மரை தேய்ஞ்ச போல்ட்டு. சுத்திக்கிட்டே இருக்கும், எங்கயும் பிடிக்காது. நம்ம வார்த்தை அப்படி இல்ல. உள்ள இருக்கறவனுக்கு மட்டும் திறக்கும்.”

“வாய் மட்டும் இல்லன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்” என்றார் வெல்டர்.

அந்தச் சமயம் பழைய ஃபோர்மேன் வேலையை விட்டுப் போயிருந்தார். அடுத்தது அகராதிதான் என்று முதலாளி ஜாடையாகச் சொல்லிவைத்திருந்தார். அது போதும் அவன் சம்சாரத்துக்கு. பிறந்த வீடு, புகுந்த வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் சொல்லி முடித்துவிட்டாள். இனி அந்த வேலை கிடைக்காவிட்டால் அவன் வீட்டுக்குள் நுழைய முடியாது.

ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. அதுதான் சாக்கு என்று எங்கள் பட்டறை வயர்மேன் அண்ணன் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, லூசாக இருந்த ஒயரை முடுக்க ஆரம்பித்தார். கரண்டுதான் இல்லையே என்று ஃபியூஸைப் பிடுங்கவில்லை. சோம்பல் அந்த மனுஷனின் கூடப் பிறந்தது. எதிர்க் கடையில் விளக்கு எரிவதைப் பார்த்த வெல்டர், இந்தத் தடவை நிஜமாகவே, “கரண்ட் வந்துடுச்சு” என்று கத்தினார். வயர்மேன் அண்ணன் கையை எடுக்கவில்லை. முதலாளிதானே வருகிறார் என்று, மும்முரமாக இருப்பது போல் ஸ்க்ரூடிரைவரை இன்னும் அழுத்தினார்.

பெட்டிக்குள் பளீரென்றது. ஆள் பின்னால் பறந்துபோய் வேஸ்ட் துணி மூட்டைமேல் விழுந்தார். முடி நட்டுக்கொண்டு நின்றது. மற்றபடி ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்திய முதலாளி ஓடி வந்தார்.

“அவன் அந்தக் கத்து கத்தறானே, காதுல விழலையா?”

வயர்மேன் அண்ணன் இன்னும் இந்த உலகத்துக்கு வந்து சேரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டார். “விழுந்துச்சு முதலாளி. நீங்கதான் வர்றீங்கன்னு நெனச்சேன்.”

எங்கள் எல்லாருக்கும் ஷாக் அடித்த மாதிரி ஆகிவிட்டது.

“நானா கரண்டு? யார் வெச்ச பேரு?”

ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம். முதலாளியின் கண் மூட்டைமேல் கிடந்தவர் மேலேயே நின்றது. வயர்மேன் அண்ணனின் வேலை போகப்போகிறது என்று எங்களுக்குப் புரிந்தது. அகராதி மிஷினை விட்டு முன்னால் வந்தான்.

“நான்தான் முதலாளி.”

“எதுக்கு? தொட்டா தூக்கி அடிப்பேனா?”

“அதுக்கில்ல. நீங்க உள்ள வந்தாத்தான் எல்லா மிஷினும் ஓடுது.”

முதலாளி அவனையே பார்த்தார். ஃபோர்மேன் வேலை கை நழுவியது என்று நினைத்தேன். அவர் மீசை ஓரம் துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “நல்லாத்தான்டா வெச்சிருக்கே” என்றார். அவர் இல்லாதபோது மிஷின் ஓடாது என்கிற மறுபாதியை அவர் யோசிக்கவில்லை. நாங்களும் எடுத்துச் சொல்லவில்லை.

பதவி கிடைத்தது, வார்த்தை போயிற்று. மறுநாளிலிருந்து முதலாளியே “கரண்ட் வந்துடுச்சுப்பா” என்று சொல்லிக்கொண்டு நுழைந்தார். வாடிக்கைக்காரரிடம் சொன்னார், போனில் சொன்னார், சம்பந்தி வீட்டிலும் சொன்னார். கேட்டாலே எங்களுக்குக் கொட்டாவி வந்தது. வயர்மேன் அண்ணனுக்கு மட்டும் கை தானாகப் பின்னால் போகும். மிஷின், மின்சாரம் எதிலிருந்தும் இனிப் பட்டப்பெயர் எடுக்கக் கூடாது என்பதுதான் புது ஃபோர்மேன் போட்ட முதல் உத்தரவு.

சம்சாரம் தினமும் அவன் சட்டையை விறைப்பாகத் தேய்த்து அனுப்பினாள். தூரத்திலிருந்து பார்த்தால் சட்டை மட்டும் நடந்து வருகிற மாதிரி இருக்கும். ஒருநாள் வெல்டர் மெதுவாக, “சலவை வருது” என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அர்த்தம் யாரும் கேட்கவில்லை.

அகராதி நேராக என் மிஷினுக்கு வந்தான்.

“சலவைன்னா என்னடா?”

“எனக்கென்ன தெரியும் ஃபோர்மேன்?”

காலரைத் தொட்டுப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு உதட்டோரம் சிரிப்பு வந்தது. “ஏதோ துணி சமாச்சாரம் போல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போதெல்லாம் அந்த வார்த்தை காதில் விழுந்தால் வாசலிலேயே நின்று செருப்பைத் தேய்ப்பான், இரண்டு தடவை செருமுவான், நாங்கள் எழுந்திருக்க நேரம் கொடுப்பான். தன் வாயால் அதைச் சொன்னதே இல்லை. சம்சாரத்திடமும் மூச்சு விடவில்லையாம். தெரிந்தால் அவள் சட்டை தேய்ப்பதை நிறுத்திவிடுவாள், அதோடு வார்த்தையும் செத்துப்போகும்.