குழாயில் நிற்கும் பெட்ரோல்

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆனாலும் மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான். அங்கே சாதா பெட்ரோலுக்கும் உசத்திப் பெட்ரோலுக்கும் ஒரே குழாய். முன்னால் வந்தவர் சாதா போட்டிருந்தால் அந்த மிச்சம் குழாயிலேயே நிற்கும். காருக்குத் தொட்டி நிறையப் போடுகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை. என்னைப் போல ஒரு லிட்டர் போடுகிறவனுக்கு, உசத்திக்குக் காசு கொடுத்து ஊரான் மிச்சத்தை வாங்கிய கதைதான்.

மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் சொந்த உழைப்பில் முதன்முதலில் பைக் வாங்கியவன் நான். அது இப்போது சாதா போட்டால் கொண்டை ஊசி வளைவில் இருமுகிறது. வீட்டுக்காரி இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இன்னொருக்கா நடக்க உட்டீங்கன்னா, இனிமே நான் பஸ்ஸுலதான் வருவேன்."

என் பைக் இருக்க என் பெண்டாட்டி பஸ்ஸிலா?

அதனால் நேற்று அவளோடு பங்கில் காத்து நின்றேன். மலைமேல் செம்மேட்டு ஆபீசில் வேலை பார்க்கும், சமவெளியிலிருந்து வரும் அதிகாரி ஒருவரின் கார் வந்தது. அவர் எப்போதும் உசத்திதான் போடுவார். பைக்கை ஒதுக்கி வழிவிட்டேன். அவரோ இறங்கி வந்து மரியாதை காட்டினார்.

"பெரியவரே, நீங்க மொதல்ல போடுங்க."

"இல்லீங்க சார், உங்களுக்கு ஆபீசுக்கு நேரமாவுது."

"நீங்கதானே முன்னாடி வந்தீங்க?"

"நான் சும்மா காத்து வாங்கிட்டு நிக்கறேனுங்க!"

பெட்ரோல் போடும் பெண் குழாயைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அரிசிப் பையோடு நின்ற வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க சார், போட்டுருங்க! உங்களுக்குப் பின்னால போட்டாத்தான் இவருக்கு நல்ல பெட்ரோல் வருமாமா. இல்லீன்னா நான்தான் நடக்கோணும்!"

அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு முதலில் போட்டுக்கொண்டு போனார். அடுத்தது நான்.

வழக்கமாக அவள் இறங்கும் வளைவில் வண்டி ஒரு செருமல்கூடச் செருமவில்லை.

"பாத்தயா?" என்று திரும்பினேன்.

"ரோட்டப் பாருங்க."

மேலே இரண்டு வளைவு தாண்டியதும் அதே கார் ஓரமாக நின்றது. அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டு சாலையோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நிறுத்துங்க, பாவம்," என்றாள் அவள்.

ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்று எனக்குப் பகீரென்றது. ஆனாலும் நிறுத்தினேன். அவள் இறங்கிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகரச் சொன்னாள்.

"நீயே எறங்கிட்டயே," என்றேன்.

"நடக்கலையே! இப்ப ஏறிக்கறேன், எடுங்க பாக்கலாம்."

அவள், அரிசிப் பை, நான், மூன்று பாரத்தையும் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே வண்டி ஏறியது. அதிகாரி பழத்தை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினார்.

செம்மேடு வந்து சேர்ந்தோம். இறங்கும்போது அவள் சொன்னாள்.

"அடுத்த வாரமும் அந்த சாருக்குப் பின்னாலயே போடுங்க. அவருக்கு ஒரு எலுமிச்சம்பழம் நான் எடுத்தாரேன்."