வெசாக் நாளில் கம்பளைக்குச் சைக்கிளில்

ஜப்பானியக் கிராமங்களினூடே ஒரு பெண் நாள் முழுவதும் சைக்கிளில் போகும் காணொளியை நானும் என் தோழியும் ஆசிரியர் ஓய்வறையில் பலமுறை பார்த்திருக்கிறோம். வயலைத் தொட்டு ஓடும் வீதி, நினைத்த இடத்தில் ஒரு நிறுத்தம், மறுபடியும் பயணம். எங்கள் இருவருடைய சைக்கிள்களும் அந்நாட்டில் ஓடிப் பழையனவாகி இங்கே வந்திறங்கியவைதாம். முன்னால் ஒரு கூடை. சட்டத்தில் எங்களால் வாசிக்க முடியாத எழுத்துகள். மடவளைக்காரரான என் தோழி, ஐம்பத்திரண்டு வயதில், பாடசாலை மைதானத்தில் ஓட்டப் பழகியவர். கம்பளையிலுள்ள மகள் வீட்டுக்குச் சைக்கிளிலேயே போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மகள் அதைத் தொலைபேசியில் கேட்டுச் சிரித்தார். "உம்மா, நீங்க கெலிஓயாவ தாண்டினாலே பெரிய விஷயம். ஒரு மணிக்கு வந்து சேராட்டி இவர ஆட்டோவோட அனுப்புவேன். உங்களயும் சைக்கிளயும் சேத்து ஏத்திட்டு வருவார்."

தோழியும் சிரித்தார். தொலைபேசியை வைத்த பிறகு, "அந்த ஆட்டோல மட்டும் நான் ஏறமாட்டேன் டீச்சர்" என்றார்.

லொறிகள் குறைவாக இருக்கும் என்று நாங்கள் தேர்ந்தெடுத்த நாள், பௌத்தர்களின் விடுமுறைத் திருநாளான வெசாக் பௌர்ணமி. பிழை அங்கேதான் நேர்ந்தது. வழிப்போக்கரையெல்லாம் மறித்து இலவசமாக உணவளிக்கும் தன்சல் பந்தல்கள் அன்று வீதியெங்கும் இருக்கும் என்பதை அறியாதவர்கள் அல்ல நாங்கள். ஆனால் இத்தனை வருடமும் பஸ் யன்னலுக்குள் நீட்டப்பட்ட ஒரு குவளையோடு அவற்றைக் கடந்துவிட்டோம். சைக்கிளில் போகிறவர்களுக்கு யன்னல் இல்லை. நிறுத்தச் சொல்லிப் பந்தல்களில் ஆட்டப்படும் ஒவ்வொரு கொடியும் அவர்களுக்காகவே ஆட்டப்படுகிறது.

பேராதனைப் பாலம் தாண்டியதும் கொத்தமல்லித் தண்ணீர். அடுத்த வளைவில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். பிறகு கடலை. பிறகு, இரண்டு பந்தல்களில், ஐஸ்கிரீம்.

"வேணாம்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"இவ்வளவு ஆசையா கூப்பிடுறாங்க, எப்பிடி டீச்சர் சொல்ற? முகம் வாடிப்போயிடுமே."

இறங்குவது அவருக்கு எளிது. மீண்டும் ஏறுவதுதான் பாடு. தரை சமமாக இருக்க வேண்டும், பின்னால் வாகனம் வரக்கூடாது, நான் பார்க்கவும் கூடாது. முதல்நாள் மழையில் நனைந்த புல்லின் மணமும், மரங்களிடையே தோன்றி மறையும் மகாவலியும் எனக்கு அலுக்கவில்லை. ஆகவே திரும்பி நின்று பொறுமையாகக் காத்திருந்தேன்.

கெலிஓயாவைத் தாண்டி ஒரு சோற்றுப் பந்தலை நெருங்கியபோது மணி ஒன்றே கால். எதிரே அந்த ஆட்டோ வந்தது.

"மாமி! நேரம் போயிட்டு, ஏறுங்க!" என்று மருமகன் தலையை நீட்டினார். அதற்குள் பந்தல்காரர்கள் கொடியை ஆட்டி ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டார்கள்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்க மகன்" என்ற தோழி, அகப்பையோடு நின்ற பெண்களிடம் சிங்களத்தில், மருமகன் காலையிலிருந்து பட்டினி, நன்றாகக் கவனியுங்கள் என்றார். அவ்வளவு போதுமாக இருந்தது. மருமகனைக் கதிரையில் இருத்தி, கையில் சாப்பாட்டுக் கோப்பையைக் கொடுத்து, சோற்றைக் குவித்தார்கள். அவரும் மாமியைப் போலவே வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்.

"மாமி, நில்லுங்க, இந்தா முடிச்சிட்டேன்!" என்றபோது பருப்பு ஊற்றினார்கள்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்க, தோழி சைக்கிளில் ஏறினார். ஒரே மிதியில் ஏறினார்.

கம்பளையில் மகள் வாசலுக்கு ஓடிவந்து, எங்கள் பின்னால் ஆட்டோவைத் தேடினார்.

"இவர் எங்க உம்மா?"

"சாப்பிட்டுட்டு ஈக்கார். வருவார்."

"அப்ப தனியாவா ஓட்டிட்டு வந்தீங்க?"

"இல்லயே. டீச்சர் பின்னால வந்தாங்க."

அது உண்மை. கடைசி மூன்று மைல் தூரமும் என்னால் அவரை எட்டிப்பிடிக்க முடியவில்லை.