முட்டைக்கு என்ன நிறம்?

இயற்கை என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மா அரவேணுவுக்கு வந்தார். தேயிலைத் தோட்டக்காரர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே இருந்த பழைய பங்களாவை வாங்கி ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டினார். தங்க வருகிறவர்களுக்குக் காலையில் நாட்டுக்கோழி முட்டை தர வேண்டுமாம். லைனில் கோழி வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

மொத்தம் பதினோரு கோழிகள். தீவனம் வாங்க நான் கடைப்பக்கம் போனதே இல்லை. கேரட் கழுவுகிற இடத்தில் உடைந்ததும் கோணலானதும் தழையோடு குவிந்து கிடக்கும். சாக்கில் அள்ளி வருவேன். மிஞ்சிய சோற்றில் தவிட்டைப் பிசைந்து வைப்பேன். மழை மாதங்களில் அதையே சூடாக வைப்பேன், இந்தக் குளிரில் அதுகளும் உயிர்தானே. சாணக்குழியைக் கிளறிவிட்டால் வெள்ளைப் புழுவுக்கு அடிதடி நடக்கும். அவ்வளவுதான் என் பண்ணை. இதைப் படிக்க அந்த அம்மா ஒரு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். சான்றிதழ் இதுவரை ஒரு முட்டையும் இட்டதாகத் தெரியவில்லை.

முதல் பன்னிரண்டு முட்டையை லைன் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போனேன். இருபது வருஷம் கொழுந்து பறித்திருக்கிறேன். ஒரு நாளாவது என் பையைப் பார்த்து நல்ல இலை என்று யாரும் சொன்னதில்லை. என் கையால் ஆன ஒன்றைப் பங்களாவில் கேட்டு வாங்குகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அம்மா ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒண்ணு வெள்ளையா இருக்கு, ஒண்ணு சந்தனக் கலர்ல இருக்கு?"

"கோழிக்குக் கோழி மாறுமுங்க."

"நாட்டு முட்டைன்னா பிரவுனாதானே இருக்கணும்? எங்க கிளாஸ்ல காட்டினாங்களே. என்ன தீவனம் போடறீங்க?"

"கேரட்டுத் தழை, தவிடு, புழுவுங்க."

"ஆர்கானிக் கேரட்டா?"

குப்பையில் கிடக்கும் கேரட்டுக்கு ஜாதகம் பார்க்க எனக்குத் தெரியாது. அவர் கூடையைத் திருப்பிக் கொடுத்து, டவுனில் ஒரு கடைக்காரர் அசல் நாட்டு முட்டையாகத் தருகிறார், எல்லாம் ஒரே நிறம் என்றார்.

அந்தக் கடைக்காரர் வீட்டில் நான் கொஞ்ச நாள் பாத்திரம் தேய்த்திருக்கிறேன். பண்ணை வெள்ளை முட்டையைக் கெட்டியான டீ டிகாஷனில் ஊறப்போடும் அண்டாவும் அதில் ஒன்று.

"ஏனுங்கம்மா, அது டீத்தண்ணியில ஊறுன முட்டைங்க" என்றேன்.

"வியாபாரப் போட்டி எனக்கும் புரியும்மா" என்று சிரித்தார்.

கூடையோடு இறங்கி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். "அம்மா ஊட்டுல இல்ல, நாளானிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் கணவர் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்திருந்த டஸ்ட் டீயைக் கைநிறைய அள்ளிக் கொதிக்க வைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா கூடையைத் திறந்ததும் முகம் மலர்ந்தார்.

"இதான் ஒரிஜினல்! தீவனத்தை மாத்தினீங்களா?"

"கொஞ்சம் தேயிலை சேத்தேனுங்க."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மறுநாளே ஹோம்ஸ்டே வாசலில் புதுப்பலகை: தேயிலை தின்று வளரும் கோழிகளின் இயற்கை முட்டை. என் கோழிகள் தேயிலைப் பக்கம் மூக்கைக்கூட நீட்டாது.

பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கேட்டாள்: "நெசமாவே உன்ற முட்டைதானா அக்கா?"

"என்றதுதான்" என்றேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். கொழுந்து பறித்து ஏறிய கறை, வேலையை விட்டு ஒரு வருஷம் கழித்துத்தான் என் விரல்களை விட்டுப் போயிருந்தது. இப்போது பத்து விரலிலும் மறுபடி ஏறியிருந்தது.