மூன்றாவது பதிவேடு

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. அது ஆணா பெண்ணா என்று யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. அதைத் தேடித்தான் திருப்பூர் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பிறப்புப் பதிவேட்டிலும் இல்லை, இறப்புப் பதிவேட்டிலும் இல்லை.

"இவங்களுக்குத் தனி ரிஜிஸ்டருங்க," என்றார் நரைத்த மீசைக்கார எழுத்தர். ஒவ்வொரு பதிவேட்டையும் பனியன் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தபடியே புரட்டியவர், இதை மட்டும் எழுந்து நின்று திறந்தார்.

"ஏனுங்க நின்னுட்டீங்க?"

"இவங்களப் பாக்க யாருமே வர்றதில்லீங்க."

ஒரு வரியில் அவர் விரல் நின்றது. "பொண்ணுங்க. இதுல பேருக்குக் கட்டமில்லீங்க."

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அப்ப வள்ளிதான் கண்ணு," என்றாள் அம்மா, உடனே.

அவரிடம் சொன்னேன். "எழுதக் கூடாதுங்க," என்றவர், பென்சிலைத் தேடி எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் சின்னதாக எழுதினார். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.