உலைக்கு ஒரு முழுத் தேங்காய்

பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே அழுகைக்குத் தயாராகிவிடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். மாப்பிள்ளை இரும்பு உருக்கும் தொழிற்சாலையில் ஃபோர்மேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் சம்பளம் என்ன, போனஸ் உண்டா என்று விசாரித்தார்கள். நான் மட்டும், "உலைக்குக் கிட்டப் போய் நிக்கணுமா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

கிட்டத்தான் நிற்க வேண்டும் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம். தொழிற்சாலை பல்லாவரம் பக்கம். பம்புசெட் பாகங்களும் சாக்கடை மூடிகளும் வார்க்கிற இடம். அங்கே இருந்தது கரி உலை. ஆள் உயரத்துக்குப் பல மடங்கு உயரமான இரும்புக் கூடு. அதன் மேல் வாசல் வழியாகக் கரி, பழைய இரும்பு, சுண்ணாம்புக்கல் என்று மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். அடியில் இரும்பு ஆறாக வரும். என் வீட்டுக்காரரின் பனியனை எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் கறுப்பாகத்தான் போகும். அவர் இருமினால் கைக்குட்டையும் கறுப்பு.

அந்த உலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒருமுறை அதை அணைத்து, உள்ளே செங்கல் வைத்துப் பூசி, நல்ல நாள் பார்த்து மறுபடி மூட்டுவார்கள். அன்றைக்கு ஃபோர்மேன் வீட்டிலிருந்து ஒரு முழுத் தேங்காய் போக வேண்டும். உடைக்கக் கூடாது. மஞ்சள் பூசி, மஞ்சள் துணியில் முடிந்து, மேல் வாசல் வழியாக உலைக்குள் போட்டுவிட வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து, கரிக்கு நடுவில் கருகிச் சாம்பலாகிவிடும். இரும்பு இருக்கும் இடத்துக்கு அது வந்து சேர்வதே இல்லை. அதை வாங்கிக்கொண்டதால்தான் உலை இதுவரை ஒருத்தரையும் வாங்கவில்லை என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. என்னுடைய நம்பிக்கையும்தான். நான் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, தண்ணீர் நிறையத் தளும்புகிற காயாகத் தேர்ந்தெடுப்பேன். வற்றிய காயைக் கொடுத்து நெருப்பை ஏமாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

தொண்ணூறுகளில் தொழிற்சாலை கைமாறியது. வாங்கியது ஒரு பெரிய சுரங்கக் கம்பெனி. வடக்கே எங்கெங்கோ மலைகளை வெட்டி இரும்புத் தாது எடுப்பவர்கள். வந்ததும் முதல் வேலையாகக் கரி உலையைப் பிரித்துப்போட்டு, கரண்டில் ஓடும் உலை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு கரி எரிக்கிறீர்கள், எத்தனை பேருக்கு அடிபடுகிறது என்றெல்லாம் கேட்கிறார்களாம். புகை குறைய வேண்டும், காயம் குறைய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் நக்கல் பண்ணிக்கொண்டிருந்தார். "கரண்டு இன்னா ஆகாசத்துலேர்ந்தா வருது? அதுக்கும் எவனோ ஒருத்தன் எங்கியோ கரிதான் எரிச்சிகினு கீறான். நம்ம கண்ணுல படலைன்னா புகை இல்லைன்னு ஆயிடுமா?" என்பார். ஆனாலும் இருமல் குறையும் என்பதில் அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

கம்பெனி எல்லோருக்கும் கனமான பூட்ஸ் கொடுத்தது. பாதிப் பேர் அதைத் துடைத்து எடுத்துவைத்துக் கல்யாணங்களுக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தானோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டிகளை எல்லாம் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, டீயும் சமோசாவும் கொடுத்து உட்காரவைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ஒரு இளைஞர். மதுரைப் பக்கத்துப் பேச்சு. உங்கள் வீட்டுக்காரர் பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் விடாதீர்கள், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்திதான் போட வேண்டும் என்றார். பிறகு புது உலையைப் பற்றிச் சொன்னார். அதில் கரி கிடையாது, வெறும் உருகிய இரும்பு, பெரிய அண்டாவில் குழம்பு மாதிரி திறந்தபடி நிற்கும். அதற்குள் ஈரம் மட்டும் போகக் கூடாது. முக்கியமாக, இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய்க்குள் மழைத்தண்ணீர் சிக்கியிருந்தால் வெடிகுண்டுதான் என்றார்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய உலையாவது வாயை மூடிக்கொண்டு எரிந்தது. இது திறந்த வாய். அதன் பக்கத்தில் என் புருஷன்.

புது உலைக்கு முதல் நெருப்பு என்று ஆவணியில் ஒரு நாள் குறித்தார்கள். பூஜை எல்லாம் வாசல் கேட்டோடு சரி, உலைக்குப் பக்கத்தில் கற்பூரம்கூடக் கூடாது என்று உத்தரவு. ஆட்கள் முணுமுணுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கும் மனசு ஒப்பவில்லை. தேங்காய் இல்லாமல் ஒரு உலையா? நான்தான் விடாமல் நச்சரித்தேன். அவர் கடைசியில், "நீ காயை வாங்கி வை, நான் பாத்துக்கறேன்" என்றார்.

தாம்பரம் மார்க்கெட்டில் கடைக்காரர் சலித்துக்கொள்ளும் அளவுக்குக் காய்களை ஆட்டிப் பார்த்து, கனமான ஒன்றை வாங்கி வந்தேன். அன்று காலை மஞ்சள் பூசி முடிந்து அவரிடம் கொடுத்தேன். சாப்பாட்டுப் பையில் அடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பிடிங்க போடுவீங்க? அந்த மதுரைக்கார சார் நிப்பாரே" என்றேன்.

"முதல்ல போட்ட இரும்பு நல்லா உருகணும். அப்பதான் அக்கினி மொகம் தெரியும். அப்புறம் மேல ஸ்கிராப் தள்ளுவோம் இல்ல, அதோட சேத்து உள்ள அமுக்கிடுவோம். எங்காளுங்க எல்லாருக்கும் தெரியும். சார் அந்தாண்ட திரும்புனா போதும்" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு எனக்கு மனசு லேசாகிவிட்டது. அன்றைக்குக் கிருஷ்ண ஜெயந்தி வேறு. பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டபடி, தனியாக உட்கார்ந்து சீடை உருட்டிக்கொண்டிருந்தேன். "அழுத்தி உருட்டாதே, உள்ளே ஈரம் மாட்டிக்கும், வெடிச்சிடும்" என்று அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். நான் ஒவ்வொரு வருஷமும் அழுத்தித்தான் உருட்டுவேன். அன்றும் எண்ணெயில் ஒரு ஈடு போட்டேன். கொஞ்ச நேரம் சாதுவாக மிதந்தது. பிறகு ஒரு சீடை டப்பென்று வெடித்து மேல் சுவரில் போய் அடித்தது. எண்ணெய் என் முழங்கையில் தெறித்தது.

எரிச்சலில் கையை உதறியபடி, கீழே கிடந்த அந்தச் சீடையைப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவுகூட இல்லை. அதற்குள் எவ்வளவு ஈரம் இருந்துவிட முடியும்? ஒரு சொட்டு இருக்குமா? அதற்கு இந்த வெடியா?

அப்போதுதான் தேங்காய் ஞாபகம் வந்தது. வெளியே காய்ந்த ஓடு. ஒரு பக்கமும் திறப்பு இல்லை. உள்ளே நான் காதில் வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்த தண்ணீர்.

அடுப்பை அணைத்தேனா என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. அணைத்திருக்கத்தான் வேண்டும், வீடு எரியவில்லை. மாவுக் கையோடு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் இருந்த போன் கடையிலிருந்து தொழிற்சாலைக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. எல்லோரும் பூஜையில் இருப்பார்கள். மறுபடி போட்டேன். கடைக்காரப் பையன், "லைன்ல ஆள் இல்லக்கா" என்றான், எனக்குத் தெரியாதது போல.

பஸ் வந்தது. தாம்பரத்தில் வேறு பஸ் மாற வேண்டும். ஜி.எஸ்.டி. ரோடு அன்றைக்கென்று அடைத்துக்கொண்டு நின்றது. சானடோரியம் வந்தது, குரோம்பேட்டை வந்தது. இரும்பு உருக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அவர் எப்போதோ சொல்லியிருந்தார். எப்போது மூட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளையாருக்கு வேண்டிக்கொள்ள வாயெடுத்து, அதிலும் தேங்காய்தான் வருகிறது என்று நிறுத்திக்கொண்டேன்.

பல்லாவரத்தில் இறங்கும்போது தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம். கால் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் பூக்காரம்மா தலையைக்கூடத் தூக்காமல் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, மலையில வெடி வச்சிகினு கீறானுங்க. புச்சா கேக்குறியா?" என்றாள். கல்குவாரி வெடி. வருஷக்கணக்கில் கேட்ட சத்தம்தான். அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். "இன்னாம்மா, இன்னா விசயம்? சாருங்கோ எல்லாம் உள்ள கீறாங்க. யாரையும் வுடக் கூடாது."

வாயைத் திறக்கப் போய் ஒரு கணம் தயங்கினேன். நான் சொன்னால் என் புருஷன் மாட்டிக்கொள்வார். உத்தரவை மீறியவர் என்று வேலையே போனாலும் போகும். பெண்டாட்டி வந்து காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் சிரிக்கும். ஒரு கணம்தான்.

"எங்க வீட்டுக்காரர் உலைக்குள்ள தேங்காய் போடப்போறாருங்க. நிறுத்தச் சொல்லுங்க!"

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். "தேங்கா போட்டா நல்லதுதானேம்மா? இதுக்கா இப்படி ஓடியாந்தே?"

நான் கத்திய கத்தலில் அந்த மதுரைக்கார அதிகாரியே வெளியே வந்துவிட்டார். "முழுத் தேங்காய் சார், உடைக்காத காய், உள்ளே தண்ணி இருக்கு" என்றேன். அவர் முகம் வெளிறிப்போனது. திரும்பி உள்ளே போனார். ஓடவில்லை. தொழிற்சாலைக்குள் யாரும் ஓடக் கூடாது என்பது அவரே போட்ட விதி. விறுவிறுவென்று நடந்தார். எனக்குப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பின்பும் அனுபவித்ததில்லை. வெகுநேரம் கழித்து என் வீட்டுக்காரர் கேட்டை நோக்கி வந்தார். கையில் மஞ்சள் துணி முடிச்சு. உயிரோடு வருகிறாரே என்று எனக்குக் கண் நிறைந்தது. அவர் என்னைப் பார்க்காமல் முடிச்சைக் கையில் திணித்து, "வூட்டுக்குப் போ" என்றார்.

வேலை போகவில்லை. ஆனால் உலையிலிருந்து எடுத்துவிட்டு, முற்றத்தில் பழைய இரும்பைச் சோதித்துப் பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். குழாய்களை இரண்டு பக்கமும் பார்ப்பது, அடைபட்டதை ஒதுக்குவது. ஆட்கள் அவரைத் "தேங்கா அண்ணா" என்றார்கள். வீட்டில் அவர் என்னோடு பேசுவது சோறு, குழம்பு, சாவி என்பதோடு நின்றது. ஒருநாள் மட்டும், "ஒரு காய்க்குப் போய் மானத்தை வாங்கிட்டே. ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். ஆகியிருக்கும் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு சீடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. தேங்காயை மறுநாளே உடைத்துச் சட்னி அரைத்திருந்தேன். அவர் அதைத் தொடவில்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னங்க, என்னங்க என்று நான் பதறினேன். அவர் லீவில் இருந்த நாளில் பிரித்த குவியலில் ஒரு துண்டுக் குழாய் தப்பிப் போயிருக்கிறது. இரண்டு முனையும் நசுங்கி அடைபட்டது. இன்று அது உலைக்குள் விழுந்தது. அதிகாரியின் விதிப்படி ஆட்கள் எல்லோரும் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்ததால் ஒருவருக்கும் கீறல் இல்லை. கூரைத் தகடு மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே நிற்கிறவர்களுக்கு வானம் தெரிகிறதாம்.

"இத்துனூண்டு குழாய். ஒரு உள்ளங்கைத் தண்ணி கூட இருந்திருக்காது" என்று கையைக் குவித்துக் காட்டினார். குவித்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "அந்தக் காயில எவ்ளோ தண்ணி இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் உள்ளே போய், காயை உடைத்த அன்றைக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்த டம்ளரை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். "ரொம்பி வழிஞ்சுதுங்க" என்றேன்.

அவர் டம்ளரை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தடுப்புக்குப் பின்னாடி நின்னிருக்க மாட்டோம்" என்றார். "சாமிக்குக் குடுக்கறது இல்ல? எல்லாரும் கிட்டப் போயி, குனிஞ்சு கும்பிட்டுகினு இருந்திருப்போம்."

பிறகு செருப்பைக் கழற்றினார். கை கால் கழுவிக்கொண்டு வந்து, என்னையும் கூட உட்காரச் சொல்லிச் சாப்பிட்டார்.