யாழினியைப் பற்றி நான் சொன்ன சாட்சி

சனிக்கிழமை காலைகளில் எங்கள் கட்டட லிஃப்டில் நான் ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குவேன். இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் பருத்து, ஒரு பக்கம் ஷூவில் நாடா கட்டியதுபோல வெள்ளைத் தையல் ஓடிய பந்து. காவலாளி பெஷாவர்க்காரர். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, “சாச்சா, யே க்யா ஹை?” என்றார். ஃபுட்பால் என்றேன். வயதானவர் ஏதோ குழப்பத்தில் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். இரக்கத்தோடு சிரித்து, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு உருண்டையை வரைந்து காட்டினார். அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எழுபத்திரண்டு வயது வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் என் பேத்தி ஷார்ஜாவில் வளர்ந்து, துபாயில் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய் ஆடுவது அமெரிக்கர்களின் ஃபுட்பால். அதில் காலுக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு அந்த ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஆடுவது அதன் சாதுவான வடிவம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், எதிரணி முனையிலுள்ள எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் புள்ளி. இடித்துத் தள்ளுவது கிடையாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் தொங்கும் ரிப்பனை எதிரணி உருவிவிட்டால் அந்த முயற்சி முடிந்தது. ஐவரில் ஒருவர் குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்ததும் மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். எதிரணியில் ஒருவன் அவரை நோக்கிப் பாய்ந்து வருவான். யாருக்கு எறிவது என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். சரியாக எறிந்தால் பிடித்தவனுக்குக் கைதட்டல். தவறினால் எல்லார் பார்வையும் எறிந்தவர் மேல். என் மகன் செந்திலின் மகள் யாழினி, பதினான்கு வயது, அந்த இடத்தில்தான் நிற்பேன் என்று ஆசைப்பட்டாள்.

அவளையும் சேர்த்து அணியில் மூன்று குவார்ட்டர்பேக்குகள். கரீம் லெபனான் பையன், உயரமானவன். நாற்பது கெஜம் எறிவான். பந்து சுழன்றுகொண்டு ஆணி அடித்தாற்போல் நேராகப் போகும். யூசுஃப் எகிப்துப் பையன், கால்கள் பறக்கும். ஆனால் யாராவது நெருங்கிவிட்டால் எறிவதை மறந்து தானே ஓடத் தொடங்கிவிடுவான். யாழினிக்குக் கை சிறியது, விரல் தையலைச் சரியாகப் பற்றாது. இருபத்தைந்து கெஜத்தைத் தாண்டினால் அவள் பந்து சோர்ந்து தலைகவிழ்ந்துவிடும்.

நான் வெல்டிங் ஆய்வாளனாக இருந்தவன். முதலில் குவைத்தில் ஃபஹாஹீல், பிறகு நெடுங்காலம் சவூதியில் யான்பு. வேலையில் பாதி, வெல்டர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது. குழாய்த் துண்டுகளைக் கொடுத்து இணைக்கச் சொல்வோம். முதல் துண்டில் ஒருவன் போடும் அழகான வெல்டு அவன் இன்றைய திறமை. பழுதான இடத்தை அறுத்தெடுத்து, அதே இடத்தில் திரும்பப் போடச் சொல்லும்போது கை எப்படிப் போகிறது என்பதில்தான் அவனுடைய நாளை இருக்கிறது. இந்தக் கண்ணோடுதான் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கரீம் யாருக்கு எறியப் போகிறானோ அவனையே தொடக்கத்திலிருந்து பார்ப்பான். அவன் கண்ணைப் படித்து எதிரணி முன்கூட்டியே அங்கே போய் நிற்கும். ஒரு பந்து பறிபோனால் அடுத்த மூன்று எறிதலும் கோபத்தில் போகும். யாழினி முதலில் வலப்பக்கம் பார்ப்பாள், பிறகு நடுவில் பார்ப்பாள், மூன்றாவதாக ஒருவன் தனியாக நிற்பதைக் கண்டு அவனுக்கு எறிவாள். அவள் பந்து பறிபோன நாள்களும் உண்டு. அடுத்த எறிதல் ஒன்றுமே நடக்காததுபோலப் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது கண் வைத்துவிடுவார்களோ என்று சுற்றிலும் பார்ப்பேன். பெருமைதான். ஆனால் எனக்குப் பெருமை எப்போதும் பயத்தின் உருவில்தான் வரும்.

கோச் டைலர் டெக்ஸாஸ்காரர். கரீமின் முன்பாதம் எறிவதற்கு முன்பே திரும்பிவிடுகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கத்தில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. “கிராண்ட்பா, இன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்பார். இந்த நாட்டில் என்னை யாரும் எதையும் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செந்தில் வேலை செய்யும் கம்பெனியை மூடப்போகிறார்கள். ஜூன் மாதத்தோடு குடும்பமே திருச்சிக்குத் திரும்புவதாக முடிவு. அங்கே இந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டவர்கூடக் கிடைக்கமாட்டார். மார்ச்சில் அபுதாபியில் நடக்கும் போட்டிதான் யாழினிக்குக் கடைசி. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோச்சுக்குத் தெரியாது. கம்பெனி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று செந்தில் சொல்லியிருந்தான்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தபோது கோச் என்னிடம் வந்தார். என் பக்கத்தில் கரீமின் அப்பா உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, பெரிய குரல், கையில் எப்போதும் காப்பி பிளாஸ்க். “வல்லாஹி, கோச், என் மகனைப் போல ஒரு கை இந்த வளைகுடா முழுக்கக் கிடையாது, மாஷா அல்லா!” என்று அவர் முழங்கினார். கோச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்கள் மூன்று பேரையும் பார்த்திருக்கிறீர்கள். கடைசி நிமிடம், ஐந்து புள்ளி பின்தங்கியிருக்கிறோம். உங்கள் பேத்தி கையில் பந்தைக் கொடுக்கலாமா?”

கேள்வி நேரானது. பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் என் வாய் வேறு ஊரில் வளர்ந்தது. “அய்யோ, இல்லை சார். அவள் ஏதோ சுமாராக ஆடுகிறாள். கரீம் எங்கே, இவள் எங்கே! சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறிப்போவாள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கரீமின் அப்பா மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு கப் காப்பி ஊற்றினார். கோச் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, “சொந்தப் பேத்தியைப் பற்றி இவ்வளவு நேர்மையாக யாரும் சொல்லமாட்டார்கள். நன்றி” என்றார்.

பாளையங்கோட்டையிலோ திருச்சியிலோ இதைச் சொல்லியிருந்தால், கேட்டவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் புரிந்துகொண்டிருப்பார். “சும்மா சொல்லாதீங்க சார், பிள்ளை பிரமாதமா ஆடுறா” என்று மறுத்திருப்பார். நான் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். என் அப்பா பள்ளி ஆசிரியர். நான் மாவட்டத்தில் முதலாவதாக வந்த அன்று வீட்டுக்கு வந்தவர்களிடம், “ஏதோ பாஸ் பண்ணியிருக்கான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எவ்வளவு பூரித்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தது. கண் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பிள்ளையை நாமே கொஞ்சம் மட்டம் தட்டி வைப்பது எங்கள் பக்கத்துப் பாசம். அதை மறுத்துப் பேச இன்னொரு தமிழர் எதிரில் இருந்தால்தான் அது பாசமாக இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

யோசிக்கவில்லை என்று எழுதுவதுகூடப் பொய். யான்புவில் கேம்ப் கேம்பாகப் போய் நம் ஆட்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேர்முகத்தில், வேலை தெரியுமா என்று கேட்டால், சிவகங்கைக்காரனும் பெரம்பலூர்க்காரனும் “ஏதோ தெரியும் சார்” என்பான். பக்கத்தில் நிற்பவன் “நம்பர் ஒன், சார்” என்று சொல்லி வேலையை வாங்கிவிடுவான். “டேய், ஏதோங்கிற வார்த்தையை இனி வாயிலயே எடுக்காதீங்கடா” என்று நான் அவர்களைத் திட்டியிருக்கிறேன். அதே வார்த்தையை ஆங்கிலத்தில் மாற்றி, அதே தொனியில், என் பேத்தியின் தலையில் நானே இறக்கினேன். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் நடுவில் நின்று நான்கு பையன்களுக்குக் கத்திக் கட்டளையிடுவதற்கு என் கண் இன்னும் பழகியிருக்கவில்லை. தோற்றால் பெண் பிள்ளையைத்தானே முதலில் குறை சொல்வார்கள் என்ற பயமும் அந்தப் பதிலில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கோச் பட்டியலைச் சொன்னார். குவார்ட்டர்பேக் கரீம், மாற்று யூசுஃப். யாழினி பந்து பிடிக்கும் வரிசையில். வீட்டுக்கு வந்ததும் அவள் ஷூவைக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றாள்.

“தாத்தா, நான் டென்ஷன்ல ஃப்ரீஸ் ஆயிடுவேன்னு கோச்கிட்ட சொன்னீங்களா?”

“அப்படிச் சொல்லலைம்மா…”

“தென் வாட்? ‘ஈவன் யுவர் கிராண்ட்பா திங்ஸ் யூ நீட் அனதர் இயர்’னு சொன்னாரு. எனக்கு அனதர் இயர் எங்க இருக்கு தாத்தா?”

செந்தில் ஹாலில் இருந்து எழுந்து வந்தான். “விடும்மா. எனக்கும் இப்படித்தான். ஃபஹாஹீல்ல பிரின்சிபல் ஸ்கூல் டீமுக்கு என்னைக் கேட்டப்ப, அப்பா என்னைப் பத்தி என்ன சொன்னாருன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாளே கோச்சுக்குப் போன் செய்து, மைதானத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். நான் சொன்னது தவறு, மூவரில் ஆட்டத்தைப் படிப்பவள் அவள்தான், பதறாதவளும் அவள்தான் என்றேன். கம்பெனி விஷயத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “ஸார், வீட்டில் அவள் அழுதிருப்பாள். எனக்குப் புரிகிறது. போன வாரம் நீங்கள் ஆய்வாளராகப் பேசினீர்கள். இன்று தாத்தாவாகப் பேசுகிறீர்கள். உங்களுடைய முதல் பேச்சைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது” என்றார். நான் அவளை எவ்வளவு உயர்த்திப் பேசினேனோ அவ்வளவு என் சொல் மதிப்பிழந்தது. வெளியே, மகனைத் தனிப் பயிற்சிக்கு அழைத்து வந்த கரீமின் அப்பா நின்றிருந்தார். கண் படுமே என்ற பயம் அவரைப் போன்ற அரபுக்காரர்களுக்கும் உண்டு. ஆனால் அவர்கள் வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு, பின்னால், எல்லாம் இறைவன் நாடியது என்று ஒரு மாஷா அல்லாவை வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நாங்கள் கதவையே திறப்பதில்லை. இத்தனை வருடம் இந்த மனிதர்கள் நடுவில் இருந்தும் அந்தச் சின்ன ஏற்பாட்டை நான் கற்றுக்கொள்ளவில்லை.

அன்று மாலை யாழினி என்னிடம் வந்தாள். கோபம் தணியவில்லை, ஆனாலும் வந்தாள். “தாத்தா, நான் உங்க பேத்தி இல்லன்னு வெச்சுக்கங்க. என்னையும் அவங்க ரெண்டு பேரையும் டெஸ்ட் பண்றீங்க. ட்ரூத் மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன். அவள் பந்து இன்னும் இரண்டு வருடம் ஆனாலும் கரீமின் தூரத்தைத் தொடாது என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் நிறுத்தவில்லை. யூசுஃபின் ஓட்டமும் அவளுக்கு வராது. ஆனால் எல்லைக்கோட்டுக்குப் பத்து கெஜத்துக்குள் இடம் குறுகிவிடும், அங்கே தூரமாக எறியும் கைக்கு வேலை இல்லை. மூன்றாவது ஆளைத் தேடும் கண்ணுக்குத்தான் வேலை. அந்தக் கண் மற்ற இருவருக்கும் இல்லை, உனக்கு இருக்கிறது என்றேன். தோற்ற பிறகும் கை மாறாமல் போவது சொல்லிக்கொடுத்து வராது, அதுவும் உன்னிடம் இருக்கிறது என்றேன். என் வாழ்நாளில் என் வீட்டுப் பிள்ளை ஒன்றை அதன் முகத்துக்கு நேரே நான் அளந்து சொன்னது அதுவே முதல் முறை.

“பத்து கெஜம்னு எப்படிச் சொல்றீங்க? நான் பதினஞ்சு வரைக்கும் ஓகே” என்று அவள் சண்டைக்கு வந்தாள். பதினைந்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டில் முடிந்தது.

அடுத்த பயிற்சியில் அவளே தனியாகக் கோச்சிடம் போனாள். தன் கைக்கு எட்டாதது என்ன என்பதைத்தான் முதலில் சொன்னாளாம். பிறகு, எல்லைக்கோட்டுக்கு அருகே வரும்போது மட்டும் என்னைப் போட்டுப் பாருங்கள் என்றாளாம். அவர் யோசித்துவிட்டு, பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் உறுதி எதுவும் தரவில்லை.

அபுதாபியில் நாங்கள் தோற்றோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கரீம் அன்று அற்புதமாக எறிந்தான், இரண்டு முறை அவன் பந்து பறிபோகவும் செய்தது. முதல் பாதி முழுக்க யாழினி ஓடினாள், பந்து அவளிடம் வரவில்லை. கோச் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என் மருமகள் கவிதா, “மாமா, தண்ணி குடிங்க, முகமே வெளுத்துப்போச்சு” என்றாள். இரண்டாவது பாதியில் எல்லைக்கோட்டுக்கு எட்டு கெஜம் இருந்தபோது விசில் ஊதி நிறுத்தினார்கள். கரீம் வெளியே நடந்து வந்தான், யாழினி அவன் இடத்துக்குப் போனாள். முதல் எறிதல் தரையில் விழுந்தது. அணியின் பெற்றோர் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. அவள் திரும்பி வந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முன்பு நின்றது போலவே நின்றாள்.

எனக்குப் பக்கத்தில் எதிரணிப் பிள்ளை ஒன்றின் தாயார், பிலிப்பைன்ஸ்காரர். “அந்தச் சின்னப் பெண் யார் வீட்டுப் பிள்ளை? நன்றாக ஆடுவாளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பந்து யாழினியின் கைக்கு வந்திருந்தது. அவள் வலப்பக்கம் பார்த்தாள், நடுவில் பார்த்தாள். “என் பேத்தி. இங்கே இருப்பவர்களில் ஆட்டத்தைப் படிப்பவள் அவள்தான்” என்று நான் உரக்கச் சொன்னேன். இரண்டு வரிசை தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்க. எனக்கே அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் இரண்டு கைகளும், நான் சொல்லாமலே, அந்த அலுமினிய இருக்கைக்கு அடியில் போய்விட்டன. அங்கே யாரும் பார்க்காதபடி, எங்கள் வீட்டுப் பெண்கள் குழந்தைக்குத் திருஷ்டி கழிப்பதுபோல, விரல் விரலாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தன.