ஹாரன் செத்தா கத்திக்கலாம்

எங்கள் மின்சாரச் சக்கர நாற்காலித் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் ‘ஆயுசு அக்கா’. எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும், “இதுக்கு எவ்வளவு ஆயுசு?” என்று கேட்கிற வடிவமைப்பாளர்.

புது மாடலுக்கு மேனேஜர் ஒரே இலக்கு வைத்தார். எல்லாப் பாகமும் ஐந்து வருடம் பழுதாகாமல் உழைக்க வேண்டுமாம். அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“ஹாரன் செத்தா வாயால கத்திக்கலாம் சார். பிரேக் செத்தா? ரெண்டும் ஒண்ணா?”

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேனேஜர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, “அப்ப நீங்களே பிரிச்சுக் குடுங்க” என்றார். அக்கா ஹாரனின் இலக்கைத் தாராளமாகக் குறைத்தார். அதில் மிச்சம் பிடித்த செலவையெல்லாம் பிரேக்கில் கொட்டி, அதன் இலக்கை இரட்டிப்பாக்கினார்.

சோதனைக்கு ஓட்டியது அக்காவின் நடக்க முடியாத தங்கை. வெயில், மழை பார்க்காமல் வண்டியைப் போட்டுத் தேய்த்தாள். ஒருநாள் தொழிற்சாலைச் சரிவில் இறங்கும்போது ஹாரன் ஊமையாகிவிட்டது. கீழே மேனேஜர் போனில் பேசிக்கொண்டே குறுக்கே வந்தார்.

“சார், தள்ளுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தியபடி தங்கை பிரேக்கைப் பிடித்தாள். வண்டி அவர் ஷூவைத் தொடாமல் நின்றது.

சத்தம் கேட்டு ஓடி வந்த அக்காவிடம் மேனேஜர் திரும்பினார்.

“ஹாரன் இதே போதும்மா,” என்றார். “பிரேக்ல மட்டும் யாரையும் கை வைக்க விடாதீங்க. என்னையும்தான்.”